கம்பி வராத ஊரில் நாமே கட்டும் இணையம்

(தோட்டப்புற இளைஞர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத வாசகர்களுக்காகச் சில விளக்கங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



2020 ஜூன் மாதம் சபா மாநிலத்தின் பிட்டாஸ் பகுதியில் ஒரு பல்கலைக்கழக மாணவி மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து தேர்வு எழுதினார். வீட்டில் இணையம் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். நாடே அந்தக் காணொளியைப் பார்த்தது. பாராட்டினார்கள், சிலர் ஏளனமும் செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நம் தோட்டப்புறங்களில் அதே மாதங்களில் எத்தனை பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்றார்கள்? அவர்களைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பயிற்சித்தாள்களை நகல் எடுத்து, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டு கொடுத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆசிரியர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் மோட்டார் சைக்கிளை வைத்து ஒரு சமுதாயம் எத்தனை காலம் ஓட முடியும்?

இன்று பல்கலைக்கழக நுழைவு விண்ணப்பம் இணையத்தில்தான். சேமநிதிக் கணக்கைப் பார்ப்பதும் இணையத்தில்தான். அரசாங்க உதவித் தொகைக்கு மனு செய்வதும் அதில்தான் எளிது. விண்ணப்பிக்கும் கடைசி நாள் தெரியாமலேயே கடந்துபோனால், "நீங்கள் விண்ணப்பிக்கவில்லையே" என்று கதவு மூடப்படுகிறது. இதை நான் உரிமைப் பிரச்சினை என்றே சொல்வேன். வசதிக் குறைவு என்று சொல்லி அதைச் சிறியதாக்க வேண்டாம்.

இந்த உரையில் அரசாங்கத்திடம் என்ன கேட்க வேண்டும் என்று பேசப் போவதில்லை. அதை நாம் நிறையப் பேசியாயிற்று, இனியும் பேசுவோம். கேட்டுக்கொண்டே இருக்கும் காலத்தில் நாமே என்ன கட்டலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நேப்பாளத்துக்குப் போவோம். மியாக்தி மாவட்டத்தில் நாங்கி என்று ஒரு மலைக்கிராமம். அங்கு வாழ்பவர்கள் மகர் இனத்தவர். நேப்பாளத்தின் பழங்குடி இனங்களில் ஒன்று, காட்மாண்டுவின் அதிகாரத்தில் நெடுங்காலம் இடமில்லாதிருந்த மக்கள். அந்த ஊரில் பிறந்த மகாபீர் புன் என்பவர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1992-இல் ஊர் திரும்பினார். சாலையிலிருந்து பல மணி நேரம் மலையேறித்தான் ஊரை அடைய முடியும். தொலைபேசி கிடையாது. ஊர் மக்களோடு சேர்ந்து ஒரு உயர்நிலைப்பள்ளியை வளர்த்தார். வெளிநாட்டு நண்பர்கள் தந்த பழைய கணினிகள் வந்தன. அவற்றுக்கு மின்சாரம் ஓடைத் தண்ணீரில் சுற்றும் சிறு இயந்திரத்திலிருந்து கிடைத்தது. கணினி வந்தது, இணையம் வரவில்லை. 2001-இல் பிபிசி-க்கு எழுதி யோசனை கேட்டார். செய்தி வெளியானது. பின்லாந்து, பெல்ஜியம் போன்ற நாடுகளிலிருந்து தொண்டர்கள் தொடர்பு கொண்டார்கள். வீட்டுக்குள் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்ட வைஃபை கருவிகளையும், தொலைக்காட்சிக்கான பழைய தட்டு ஆண்டெனாக்களையும் வைத்து, மலை உச்சிகளிலிருந்து அஞ்சல் ஓட்டம் போல அலையை அனுப்பி, பொக்காரா நகரத்து இணைப்பை நாங்கிக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் கோபுரம் எழுப்பப் பணம் இல்லை, மரத்தின் உச்சியில் கருவியைக் கட்டினார்கள்.

அப்போது அங்கே உள்நாட்டுப் போர். அலைக்கருவிகளை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை. தொண்டர்கள் தங்கள் பயணப் பையில் மறைத்துக் கொண்டுவந்தார்கள். 2006-இல் போர் முடிந்த பின்புதான் அந்த அலைவரிசைகள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 2007-இல் மகாபீர் புன்னுக்கு மக்சேசே விருது கிடைத்தது. வலையமைப்பு பிற்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குப் பரவியது. மலைக்கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் பொக்காரா மருத்துவரிடம் நோயாளியைத் திரையில் காட்டி யோசனை கேட்க முடிந்தது. ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு வேறொரு ஊர் ஆசிரியர் பாடம் நடத்தினார். மேய்ச்சல்காரர்கள் கீழே உள்ளவர்களோடு பேசி விலை விசாரித்தார்கள்.

இது நேப்பாளத்துக்குச் சரி, இங்கே நடக்குமா என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. சரவாக்கின் கெலாபிட் மேட்டுநிலத்தில் பாரியோ என்ற ஊர். கெலாபிட் மக்கள் எண்ணிக்கையில் மிகச் சிறிய இனம். மீரியிலிருந்து சிறு விமானத்தில் போகலாம். 1990-களின் இறுதியில் சரவாக் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே போய், முதலில் கருவியைக் கொண்டுபோகாமல், மக்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். உங்களுக்கு எந்தச் செய்தி தேவைப்படுகிறது, யாரோடு பேச விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் துணைக்கோளத் தட்டு வந்தது, பள்ளியில் கணினி வந்தது, "காதுமான் பாரியோ" என்ற தொலைமையம் வந்தது. காதுமான் என்றால் அவர்கள் மொழியில் இணைப்பு. விமானத்தில் டீசல் கொண்டுபோய் மின்சாரம் எடுப்பது கட்டுபடியாகாததால் சூரிய ஒளிக்கு மாறினார்கள். 2011-இல் அதே ஊர் சொந்தச் சமூக வானொலியும் தொடங்கியது. மலேசியாவில் அதுதான் முதல் சமூக வானொலி.

பாரியோவிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த முதல் உரையாடலைத்தான். நம்மில் பலர் கருவியில் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கி ஒரு முறை அடிபட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவதாக ஸ்பெயினின் கத்தலோனியா. அவர்களும் மொழிச் சிறுபான்மையினர். தங்கள் மொழிக்கென்று இணைய முகவரியில் ஒரு தனி ஈற்றையே 2005-இல் போராடிப் பெற்றவர்கள். (நாம் தமிழுக்கு எழுத்துரு பிரச்சினையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது!) ஒசோனா என்ற விவசாய வட்டாரத்தில் பெரிய நிறுவனங்கள் அகண்ட அலைவரிசை தர முன்வரவில்லை, லாபம் இல்லை என்று. 2004-இல் ரமோன் ரோகா என்பவரும் அண்டைவீட்டாரும் கூரைக்குக் கூரை அலையை இணைத்தார்கள். அதுவே கீஃபி.நெட். இன்று பல்லாயிரக்கணக்கான முனைகளைக் கொண்ட வலையமைப்பாக வளர்ந்திருக்கிறது. அவர்கள் செய்த புத்திசாலித்தனம் தொழில்நுட்பத்தில் இல்லை. சேரும் ஒவ்வொருவரும் ஏற்றுக்கொள்ள வேண்டிய ஓர் எழுத்து ஒப்பந்தத்தை வைத்தார்கள். உன் கூரையில் உள்ள முனை உன்னுடையது, ஆனால் மற்றவரின் போக்குவரத்தை நீ தடுக்கக்கூடாது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு இது கட்டாயம் தேவைப்படும்.

இனி வேலைக்கு வருவோம்.

உங்கள் தோட்டத்திலிருந்து 5 கிலோமீட்டரில் ஒரு பட்டணம் இருக்கிறது, அங்கே கடைத்தெரு வரை கண்ணாடியிழை இணைப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பட்டணத்தில் நல்ல மனிதர் ஒருவரின் மாடிக்கடை வேண்டும். அங்கே ஓர் இணைப்பு, கூரையில் ஒரு தட்டு ஆண்டெனா. தோட்டத்துப் பக்கம் உயரமான ஓர் இடத்தில் இன்னொரு தட்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். உள்ளே வந்த இணைப்பை லயத்து வீடுகளுக்குப் பரப்ப ஊருக்குள் இரண்டு மூன்று சிறிய ரவுட்டர்கள். இவ்வளவுதான் அமைப்பு. 5 கிலோமீட்டர் என்பது வைஃபைக்குப் பெரிய தூரமே இல்லை. 2007-இல் வெனிசுவேலாவில் மலையிலிருந்து மலைக்கு 382 கிலோமீட்டர் அனுப்பிக் காட்டியிருக்கிறார்கள்.

அங்கே நடுவில் செம்பனை இல்லை. அதுதான் வித்தியாசம்.

நம் எதிரி தூரம் இல்லை, இலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஈரமான இலை விழுங்கிவிடும். கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை, நடுவில் கத்தரிக்காய் மாதிரி புடைத்துப் போகும். 5 கிலோமீட்டர் இணைப்பில் நடுப்பகுதியில் அந்தப் புடைப்பின் ஆரம் ஏறக்குறைய பன்னிரண்டரை மீட்டர். அதில் பத்தில் ஆறு பங்காவது, அதாவது ஏழரை மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். இடையில் உள்ள செம்பனை 12 மீட்டர் உயரம் என்றால் சமதரையில் இரு முனையிலும் சுமார் 20 மீட்டர் உயரம் வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸ் பயன்படுத்தினால் புடைப்பு ஒல்லியாகும், 17 மீட்டரில் சமாளிக்கலாம்.

நான் அடிபட்டது இங்கேதான். ஒரு தோட்டத்தில் நாங்கள் கருவி பொருத்திய நாளில் எல்லாம் நன்றாக ஓடியது. ஊரே கூடி நின்று பார்த்தது. அடுத்த ஆண்டு மாலை மழை வந்தாலே இணைப்பு அறுந்தது. அதற்கு அடுத்த ஆண்டு மழை இல்லாமலும் அறுந்தது. கருவியை மாற்றினோம், கம்பியை மாற்றினோம், ஒருவரையொருவர் குறை சொன்னோம். கடைசியில் ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர்தான், "தம்பி, நடுவுல இருக்கறது இளங்கன்னுடா. வருசத்துக்கு அரை மீட்டர் வளருமே, அத யாரும் கணக்குல எடுக்கலயா?" என்று கேட்டார். மரத்தைப் பற்றி வாழ்நாள் முழுவதும் தெரிந்த மக்களிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே பாதையைத் தேர்ந்தெடுக்கும் முன், நடுவில் உள்ள தோட்டம் எந்த ஆண்டு நடப்பட்டது, எப்போது மறுநடவு வரும் என்று பழைய தொழிலாளர்களைக் கேளுங்கள். பத்து ஆண்டுக் கணக்குப் போட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள்.

உயரமான இடம் எது? தண்ணீர்த் தொட்டி, ஆலைப் புகைபோக்கி, கோயில், பள்ளி. இதில்தான் நம் வரலாறு குறுக்கே வந்து நிற்கிறது. தொட்டியும் ஆலையும் நிர்வாகத்துடையவை. இன்று அனுமதி தருவார்கள், நாளை தோட்டம் கைமாறினால் புதியவர் அவிழ்த்துப் போடச் சொல்வார். கோயில்களில் பல நிலப்பட்டா இல்லாமல் நிற்கின்றன. தமிழ்ப்பள்ளிகளில் பல பகுதி உதவி மட்டுமே பெறுவதற்குக் காரணமே, அவை நிற்கும் நிலம் அரசாங்கத்துடையது இல்லை என்பதுதான். நூறு வருடம் உழைத்த மண்ணில் ஒரு 6 மீட்டர் குழாய் நட நமக்கு இடமில்லை! ஆகவே எந்த அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். கோபுரத்தைச் சிமெண்டில் புதைக்காமல், கழற்றி எடுத்துப்போகும்படி கயிற்றுக்கம்பி கட்டி நிறுத்துங்கள். சொந்த வீட்டு மனை வாங்கிய தொழிலாளர் குடும்பம் எதுவும் அருகில் இருந்தால் அவர்கள் வீட்டுக் கூரைதான் எல்லாவற்றையும் விட உறுதி.

மின்னலைப் பற்றி எச்சரிக்கிறேன். உலகில் இடிமின்னல் அதிகமுள்ள பகுதிகளில் நம் நாடும் ஒன்று. கோபுரத்துக்குச் செம்புக் கம்பியில் நில இணைப்பு, கருவிக்கு வரும் கம்பியில் மின்னல் காப்பு, இரண்டும் இல்லாமல் ஏற்ற வேண்டாம். பணத்தை மிச்சப்படுத்த வேண்டிய இடம் இது இல்லை. மின்சாரம் இல்லாத மேட்டில் சூரிய ஒளி போதும். ஒரு கருவி 8 வாட் எடுக்கிறது என்றால் ஒரு நாளுக்கு 192 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் வெயிலே இல்லாத மூன்று நாட்கள் ஓடும். 100 வாட் தகடு ஒன்று அதை நிரப்பிக்கொள்ளும்.

ஒரு காலத்தில் மைலோ டின்னில் ஆண்டெனா செய்தோம். உள்குறுக்களவு 8 முதல் 9 செண்டிமீட்டர் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும், பெரிய மைலோ டின் சரிவராது. குவாலிச் சட்டியை வைத்தும் செய்து பார்த்தவர்கள் உண்டு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இன்றும் அதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் ஊர் இணைப்புக்குக் கடையில் கிடைக்கும், அரசாங்கச் சான்று ஒட்டுத்தாள் உள்ள கருவியையே வாங்குங்கள். அதற்குக் காரணம் சட்டம்.

1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ், வைஃபை அலைவரிசைகளைப் பயன்படுத்தத் தனித்தனி உரிமம் தேவையில்லை. குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்குள், சான்று பெற்ற கருவியோடு இயங்க வேண்டும். ஆனால் இணைப்பை விற்பனை செய்தால் நீங்கள் சேவை வழங்குநர் ஆகிவிடுவீர்கள், உரிமம் கேட்பார்கள். செலவைப் பகிர்ந்துகொள்வதற்கும் விற்பதற்கும் இடையில் கோடு எங்கே என்பதை ஆணையத்திடம் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள். பட்டணத்து இணைப்பை வழங்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் பகிர அனுமதி உண்டா என்றும் பாருங்கள். 2023-இல் ஸ்டார்லிங்க் நம் நாட்டுக்கு வந்தபின், பட்டணமே அருகில் இல்லாத ஊரும் துணைக்கோளத் தட்டு ஒன்றை வைத்துத் தொடங்கலாம். அங்கேயும் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். நாம் சிறுபான்மையினர், நம் பேரில் ஒரு புகார் வந்தால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் மன்னிப்பு நமக்குக் கிடைக்காது. ஆகையால் காகிதம் சுத்தமாக இருக்கட்டும்.

"இப்போதுதான் எல்லார் கையிலும் 4ஜி இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று பட்டணத்து நண்பர்கள் கேட்பார்கள். வரைபடத்தில் நம் ஊருக்கும் வண்ணம் பூசியிருக்கும். லயத்துச் சமையலறையில் ஒரு கோடுகூட வராது. வந்தாலும், மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் முன்கட்டண அட்டை யாருக்கு என்று தாய் தினமும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் தீர்ப்பு மகளுக்குப் பாதகமாகவே போகிறது, இதையும் சொல்லியாக வேண்டும். நாற்பது வீடுகள் மாதம் ஆளுக்கு 10 வெள்ளி போட்டால் 400 வெள்ளி. ஒரு நல்ல இணைப்புக்கும், கெட்டுப்போகும் கருவிக்கு ஒதுக்கி வைக்கவும் அது போதும்.

இன்னொன்று, வலையமைப்பு வெளியுலகத்துக்கு மட்டுமே என்று நினைக்க வேண்டாம். உள்ளங்கை அளவு கணினி ஒன்றைப் பள்ளியில் வைத்து, அதில் தமிழ் விக்கிப்பீடியாவின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளையும், பழைய தேர்வுத் தாள்களையும், ஆசிரியர்களின் பாடக் காணொளிகளையும் ஏற்றிவிட்டால், வெளி இணைப்பு அறுந்த நாளிலும் பிள்ளைகள் படிக்கலாம். ஒரு சென் செலவில்லை.

கருவி கெட்டால் மாற்றலாம். மனிதர் கெட்டால்? நான் பார்த்த ஒரு வலையமைப்பு இடியால் சாகவில்லை, கோயில் நிர்வாகத் தேர்தலால் செத்தது. கடவுச்சொல் பழைய தலைவரின் மகனிடம் இருந்தது. தேர்தலில் அணி தோற்றது. மறுநாள் முதல் எதிர் அணி வீடுகளுக்கு இணைப்பு இல்லை. ஒரு மாதத்தில் யாருக்குமே இல்லை. சிரிக்கிறீர்கள், ஆனால் உங்கள் ஊரில் யார் அந்த மகன் என்று இப்போதே உங்களுக்குத் தெரியும். கத்தலோனியர்களின் விதியை நினைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் மூடிய உறையில் மூவரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். கருவியைக் கழற்றி மாட்ட நான்கு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். வரவு செலவு பள்ளிச் சுவரில் ஒட்டப்படட்டும். யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்ற பதிவை எவரும் வைத்துக்கொள்ளக் கூடாது. அதை வைத்துக்கொண்டு ஊரில் வம்பு பேசுவார்கள், நாளை போலீஸ் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியும் வரும்.

பொது இடத்து முனையை எங்கே வைப்பது என்று ஒரு தோட்டத்தில் விவாதம் நடந்தது. ஆண்கள் எல்லாரும் ஒட்டுக்கடை என்றார்கள். ஓர் அக்கா எழுந்து, "அங்க வச்சா எம்பொண்ணு ராத்திரி ஏழு மணிக்கு அங்க வந்து நிப்பாளா? குடிச்சிட்டு நிக்கிறவன் நடுவுல?" என்று கேட்டார். பதில் இல்லை. பாலர் பள்ளித் திண்ணையில் வைத்தார்கள், விளக்கும் போட்டார்கள். அந்த ஆண்டு நுழைவு விண்ணப்பங்களை அந்தத் திண்ணையில் உட்கார்ந்தே பெண்கள் அனுப்பினார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், பணச் செலவு இல்லாதது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேர் பட்டணத்து மாடிக்கும், இரண்டு பேர் உங்கள் ஊரின் உயரமான இடத்துக்கும் போங்கள். ஆளுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. வெயிலைப் பிடித்து எதிர்ப்பக்கம் அடியுங்கள். பளிச்சென்று தெரிகிறதா, தெரியவில்லையா, நடுவில் உள்ள மரம் எந்த ஆண்டு நட்டது, இரண்டு இடங்களுக்கும் சொந்தக்காரர் யார். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். கோபுர உயரத்தைக் கணக்குப் போட்டு நான் பதில் எழுதுகிறேன். வெளிச்சம் தெரியவில்லை என்றாலும் எழுதுங்கள், சுற்றுவழி ஒன்று பார்க்கலாம்.